வைக்கோலையும் மரத்தையும் உண்ணும் சிறு காளான்கள்

சென்ற ஆண்டு ஐப்பசி மழையின்போது எங்கள் ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரில், மகளிர் சுய உதவிக் குழுவினர் பன்னிருவர் நடத்திவந்த காளான் குடிலுக்குச் சென்றிருந்தேன். குடிலை மூடிவிடப் போகிறார்கள் என்ற செய்தி கேட்டுத்தான் விரைந்து சென்றேன். வங்கியில் கடன் பெற்று, கீற்று வேய்ந்து, நாற்பது படுக்கைகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தனர். வெண்மையான சிப்பிக் காளான் வருமென்று காத்திருந்த இடத்தில், மெல்லிய காம்பும் சாம்பல் நிறக் குடையும் கொண்ட சிறு காளான்கள் நூற்றுக்கணக்கில் முளைத்திருந்தன. காலையில் விரிந்தவை மாலைக்குள் கறுத்து, மைபோல் உருகிச் சொட்டின. "குடிலில் விஷக் காளான் விளைகிறது" என்ற பேச்சு ஊரெங்கும் பரவிவிட்டது. முந்தைய அறுவடையில் காளான் வாங்கி உண்டவர்களும் அஞ்சத் தொடங்கினர்.

குழுவின் தலைவியான மூதாட்டி என்னிடம் கேட்டார்: "ஐயா, நாங்கள் விதைத்தது ஒன்று, முளைத்தது ஒன்று. விதைக்காதது எங்கிருந்து வந்தது? எதைத் தின்று வளர்ந்தது?" அன்று அவருக்கு அரைகுறையாகவே விடை கூற முடிந்தது. பின்னர் வேளாண்மைத் துறையினரைக் கலந்தும் நூல்களைப் புரட்டியும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். இவ்வினாவுக்கு விடை தெரிந்தால், எந்தக் காளானைக் கண்டு அஞ்சவேண்டும், எதைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை என்பது தானே விளங்கும்.

காணும் குடையும் காணாத உடலும்

காளான் செடியன்று. அதற்கு இலையில்லை, வேரில்லை, பச்சையமும் இல்லை. ஆதலால் நெல்லும் வாழையும் செய்வதுபோல் வெயிலைக்கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது. பிற உயிர் ஆக்கிவைத்த பொருளையே அது உண்ணவேண்டும். நாம் காணும் குடை அதன் உடலும் அன்று. மாமரத்துக்கு மாங்கனி எப்படியோ, காளானுக்குக் குடை அப்படி. உண்மையான உடல் வைக்கோலுக்குள்ளும் மரத்துக்குள்ளும் மண்ணுக்குள்ளும் மெல்லிய வெண்ணிழைகளாகப் பரவிக் கிடக்கிறது. இவ்விழையைப் பூசண இழை என்பர். ஓர் இழையின் பருமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பல்லாயிரம் இழைகள் சேரும்போதுதான் அவை பஞ்சு படர்ந்ததுபோல் கண்ணுக்குத் தெரிகின்றன. எருக்குழியை மண்வெட்டியால் புரட்டும்போது உள்ளே வெள்ளையாகப் பூத்திருப்பதைக் காணாத விவசாயி இரார்.

குடையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், காம்பிலிருந்து விளிம்பு வரையில் புத்தகத் தாள்களைப்போல் அடுக்கிய மெல்லிய தகடுகளைக் காணலாம். மீனின் செவுளை ஒத்திருப்பதால் இவற்றையும் செவுள் என்றே அழைக்கின்றனர். சிறிய இடத்தில் பெரிய பரப்பை அமைத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. இத்தகடுகளின் இருமுகங்களிலும் சிதல்கள் என்னும் நுண்ணிய துகள்கள் உண்டாகி உதிர்கின்றன. கனடா நாட்டில் பணியாற்றிய புல்லர் என்னும் அறிஞர், புல்வெளியில் முளைக்கும் காளான் ஒன்று 180 கோடிச் சிதல்களையும், ஒரு மணி நேரத்தில் 4 கோடிச் சிதல்களையும் உதிர்ப்பதாகக் கணக்கிட்டார். அவை காற்றில் மிதந்து எங்கும் செல்லும். நம் கூரையிலும் களத்திலும், நாம் விடும் மூச்சிலுங்கூட அவை உண்டு. விதைக்காதது எங்கிருந்து வந்தது என்ற மூதாட்டியின் முதல் வினாவுக்கு இதுவே விடை. சிதல் எங்கும் விழுகிறது. ஏற்ற உணவும் ஈரமும் உள்ள இடத்தில் மட்டுமே முளைக்கிறது.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று நம் ஊர்களில் கூறுவர். இடிக்குப் பின் வரும் மழையையே அதற்குக் காரணமாகக் கொள்ளவேண்டும். பல நாட்களாக, சில வேளை பல மாதங்களாக, இழைகள் உண்டு சேர்த்த பொருளைக்கொண்டு குண்டூசித் தலையளவில் சிறு மொட்டுக்களை அமைத்து வைத்திருக்கும். மழைநீர் கிடைத்தவுடன் அம்மொட்டு நீரை உறிஞ்சிப் பருத்துவிடுகிறது. ஒரே இரவில் குடை எழுந்து நிற்பதன் இரகசியம் இதுதான். குடை எழுவது ஓர் இரவில், உண்பது பல காலம்.

உண்ணும் முறை

நாம் உணவை வாய்க்குள் இட்டு வயிற்றில் செரிக்கச் செய்கிறோம். காளான் முதலில் செரித்துவிட்டுப் பிறகு உண்கிறது. இழையின் நுனி வைக்கோலையோ மரத்தையோ தொட்டவுடன் நொதிகள் என்னும் செரிமானச் சாற்றை வெளியே கசியவிடுகிறது. அச்சாறு கெட்டியான நார்ப்பொருளைக் கரைத்துச் சர்க்கரையாக மாற்றுகிறது. கரைந்த நீரை இழை தன் சுவரின் வழியே உறிஞ்சிக்கொள்கிறது. அங்குள்ள உணவு தீர்ந்தவுடன் நுனி மேலும் நீண்டு அடுத்த இடத்துக்குச் செல்கிறது. வாயும் வயிறும் இல்லாத இவ்வுயிர் தான் உண்ணும் பொருளுக்குள்ளேயே குடியிருக்கிறது என்று சொல்லலாம்.

தாவரத்தின் உடல் பெரும்பாலும் செல்லுலோஸ் என்னும் நாரால் ஆனது. அந்நார்களைப் பிணைத்து, விறைப்பும் உறுதியும் அளிப்பது லிக்னின் என்னும் பொருள். செங்கற்களை இணைக்கும் காரையை இதற்கு உவமை சொல்லலாம். மரத்தின் எடையில் நாலில் ஒரு பங்களவு லிக்னினே. பசுமாடு தன் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களின் உதவியால் வைக்கோலின் செல்லுலோஸைச் செரித்துக்கொள்கிறது. லிக்னின் அதற்கும் ஆகாது, சாணத்தோடு வெளியேறிவிடும். அந்த லிக்னினைச் சிதைக்கவல்ல உயிர்கள் உலகில் மிகச் சிலவே. அவற்றுள் தலையாயவை சிலவகைக் காளான்கள். இவை இல்லாவிடில் காட்டில் விழுந்த மரங்களெல்லாம் மட்காமல் மலைபோல் குவிந்து கிடக்கும்.

உளுத்த மரத்தைப் பார்த்தே அதை உண்டது எவ்வகை என்று ஓரளவு சொல்லிவிடலாம். லிக்னினையும் சேர்த்து உண்ணும் காளான்கள் மரத்தை வெளுத்த, நார்நாரான பஞ்சாக்கிவிடுகின்றன. சிப்பிக் காளான் இவ்வகை. லிக்னினைப் பெரிதும் விட்டுவிட்டுச் செல்லுலோஸை மட்டும் உண்பவை, மரத்தைப் பழுப்பு நிறமாக்கிக் கட்டங்கட்டமாக வெடிக்கச் செய்கின்றன. விரலால் அழுத்தினால் அது பொடியாய் உதிரும். வீட்டு உத்தரத்தில் பழுப்பான கட்டவெடிப்புக் கண்டால் உடனே கவனிக்கவேண்டும். வெளித்தோற்றத்தில் சிறிதே பழுதுபட்ட மரமும் உள்வலுவில் பெரும்பகுதியை இழந்திருக்கக்கூடும்.

மரத்தில் சர்க்கரைக்குக் குறைவில்லை. தழைச்சத்துத்தான் மிகக் குறைவு. சாதம் மலையளவு இருந்தும் பருப்பு ஒரு கரண்டிதான் என்பது போன்ற நிலை. இக்குறையைத் தீர்த்துக்கொள்ளச் சிப்பிக் காளான் கையாளும் வழி வியப்பூட்டுவது. அதன் இழைகள் நச்சுத்துளிகளைத் தாங்கி நிற்கின்றன. மரத்திலும் மண்ணிலும் ஊரும் நுண்ணிய நூற்புழு அதன்மேல் பட்டவுடன் செயலற்றுப் போகிறது. உடனே இழை அதன் உடலுக்குள் புகுந்து உண்டுவிடுகிறது. கனடா நாட்டு ஆய்வாளர் இருவர் 1984இல் இதை வெளியிட்டனர். சைவ உணவென்று நாம் விரும்பி உண்ணும் காளான் தன் அளவில் சைவமன்று என்பதை நகைச்சுவையாக மட்டும் கொள்க. படுக்கைக் காளான் சமையலுக்கு வருவதில் இதனால் எக்குறையும் இல்லை.

நிற்க. காளான் மரத்தை உண்பதற்கு ஈரமும் காற்றும் ஒருங்கே வேண்டும். ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, அதாவது 20 சதவீதத்துக்குக் கீழ் உலர்ந்த மரத்தில் அது வளராது. நீரில் முற்றும் அமிழ்ந்த மரத்திலும் காற்றில்லாமையால் வளராது. கிணற்றின் அடியில் பதித்த நெல்லிக் கட்டை தலைமுறை தாண்டி நிற்பதும், அதே தோட்டத்து வேலிக்கால் மூன்றாம் ஆண்டில் தரைமட்டத்தில் இற்றுவிழுவதும் இதனாலேயே. தரைமட்டத்தில்தான் மண்ணின் ஈரமும் வெளிக்காற்றும் கூடுகின்றன. ஆகையால் மாட்டுக்கொட்டகைக் கால்களை மண்ணில் புதையாமல் கல்லின்மீதோ கான்கிரீட் பீடத்தின்மீதோ நிறுத்துவது நலம். புதைத்தே தீரவேண்டுமாயின் அடிப்பகுதிக்குத் தார் பூசி, தரைக்கு மேல் ஓரடி வரையிலும் பூசவேண்டும். கூரைத் தண்ணீர் காலின்மேல் சொட்டாதபடி இறவாணத்தைச் சற்று நீட்டிவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

எல்லா மரமும் ஒரே விரைவில் உளுத்துவிடுவதில்லை. வைரம் பாய்ந்த தேக்கில் காளானுக்கு ஒவ்வாத இயற்கைப் பொருள்கள் ஊறியுள்ளன. அதே தேக்கின் வெளிறு எளிதில் உளுத்துவிடும். பனையிலோ உறுதி வெளிப்புறத்தில் உள்ளது; உட்புறம் வெறும் சோறு. புறத்தில் வைரமுள்ளதைப் புல் என்றும் அகத்தில் வைரமுள்ளதை மரம் என்றும் தொல்காப்பியம் வகுத்திருப்பது தமிழறிந்தார் யாவர்க்கும் தெரியும். பனஞ்சட்டம் வாங்குவோர் சோறு ஒட்டாமல் செதுக்கி வாங்கவேண்டும் என்று தச்சர்கள் வற்புறுத்துவதன் பொருளும் இதுவே.

குடிலில் நேர்ந்தது

இனி அந்த மகளிர் குடிலுக்கு வருவோம். அங்கே முளைத்தது மைக் காளான். சாணக் குவியலிலும் மக்கும் வைக்கோலிலும் இயல்பாக வாழ்வது. புல்லோடு சேர்ந்து மாட்டின் வயிற்றுக்குள் போகும் சிதல்கள் செரியாமல் சாணத்தோடு வெளிவந்து முளைக்கும். செவுள்கள் தம்மைத் தாமே கரைத்துக்கொண்டு மைபோல் வடிவதால் இப்பெயர் வழங்குகிறது. இது மிக விரைந்து வளரும் இனம். ஆனால் எளிதில் கிடைக்கும் சத்தும், மிகுந்த ஈரமும், சற்றே அழுகி எழும் அம்மோனியா வாடையும் உள்ள இடத்தையே நாடும். அதாவது மைக் காளான் முளைத்தால், வைக்கோலைப் பக்குவம் செய்ததில் எங்கோ பிழை நேர்ந்தது என்று பொருள்.

பிழையைக் கண்டறிய அதிக நேரம் ஆகவில்லை. மழையால் விறகு நனைந்துவிட்டது. ஆதலால் வைக்கோலை ஒரு மணி நேரம் வேகவைப்பதற்குப் பதில் கொதிநீரை ஊற்றிச் சிறிது நேரத்தில் எடுத்துவிட்டிருந்தனர். உலர்த்தவும் வெயில் இல்லை. பிழிந்தால் நீர் ஒழுகும் நிலையிலேயே படுக்கை கட்டினர். போதாக்குறைக்கு, விளைச்சல் கூடும் என்று யாரோ கூறியதைக் கேட்டுத் தவிட்டையும் கலந்திருந்தனர். மைக் காளானுக்கு இதைவிடச் சிறந்த விருந்தை யாரும் வைத்திருக்க முடியாது. இதில் அப்பெண்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. பயிற்சியின்போது செய்முறையைக் கற்பித்தவர்கள் ஒவ்வொரு படியையும் ஏன் செய்கிறோம் என்பதைச் சொல்லித் தரவில்லை. காரணம் தெரியாத செய்முறையை முதல் இடையூற்றிலேயே மனிதர் சுருக்கிவிடுவது இயல்பு.

வைக்கோலை வேகவைப்பது, அதில் ஏற்கெனவே குடியிருக்கும் நூறு வகைப் பூசணங்களின் சிதல்களை ஒடுக்குவதற்காக. நாம் இடும் வித்து முந்திக்கொண்டு வைக்கோல் முழுவதையும் பிடித்துக்கொள்ளவேண்டும். அதன்பின் வரும் சிதலுக்கு உண்ண இடமிராது. முறை வருமாறு: புதிய, மழையில் நனையாத வைக்கோலை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, நிழலில் பரப்பி உலர்த்தவேண்டும். கைப்பிடி வைக்கோலை இறுகப் பிழிந்தால் கையில் ஈரம் தெரியவேண்டும், சொட்டு விழக்கூடாது. பாலித்தீன் பையில் வைக்கோலும், சோளத்தில் வளர்த்த காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டுக் கட்டி, காற்றுக்குத் துளையிட்டுத் தொங்கவிடவேண்டும். பதினைந்து இருபது நாளில் பை முழுவதும் வெள்ளையாகும். அதன்பின் சில நாளில் மொட்டு வரும். அரைக் கிலோ உலர்ந்த வைக்கோல் இட்ட நல்ல படுக்கை, மூன்று அறுவடையில் ஏறக்குறைய அதே எடைக்குக் காளான் தரும்.

வைக்கோலில் காளான் வளர்ப்பது நமக்குப் புதிதன்று. கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் 1940களின் தொடக்கத்திலேயே வைக்கோல் காளானை வளர்த்துக் காட்டினர். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் 1962இல் சிப்பிக் காளானை நெல் வைக்கோலில் வளர்த்தனர். நம் சமவெளியின் வெப்பத்தைத் தாங்கும் பால் காளானில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் ஏ.பி.கே. 2 என்னும் இரகத்தை வெளியிட்டது. சிப்பிக் காளான் குளிர்ந்த மாதங்களுக்கும், பால் காளான் கோடைக்கும் ஏற்றவை. அறுவடை இயந்திரம் வந்தபின் வயலில் சிதறிக் கிடக்கும் வைக்கோலைச் சிலவிடங்களில் தீயிட்டுவிடுகின்றனர். அது கொளுத்துபவர் வீட்டுக் குழம்பையே கொளுத்துவதாகும் என்பது என் எண்ணம்.

உயிருள்ள பயிரைத் தொடுபவை

மேலே கூறியவை யாவும் செத்த பொருளை உண்பவை. தோட்டத்தில் காணும் சிறு காளான்களில் மிகப் பெரும்பாலானவை இவையே. தென்னம்பாத்தியில் இட்ட எருவிலும், வாழைச் சருகிலும், கரும்புச் சோகையிலும் முளைக்கும் குடைகள் பயிருக்கு யாதொரு தீங்கும் செய்வதில்லை. சருகை மக்கச் செய்து சத்தை மண்ணுக்குத் திருப்பித் தருகின்றன. இவற்றை ஒழிக்க மருந்து வாங்குவது வீண் செலவு.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது பிளவுச் செவுள் காளான். மாங்கிளையிலும் மூங்கிலிலும் அடுக்கி வைத்த விறகிலும் விசிறிபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். காம்பு இராது. விரல் நகத்தளவுதான் அகலம். மேற்புறம் வெண்சாம்பல் நிற மயிர் போர்த்தியிருக்கும். செவுள் ஒவ்வொன்றும் நீளவாட்டில் இரண்டாகப் பிளந்திருப்பது இதன் அடையாளம். வறட்சியில் அப்பிளவுகள் உட்புறமாகச் சுருண்டு மூடிக்கொள்ளும். நனைந்தால் மீண்டும் விரியும். 1911இல் புல்லர் உலர்த்திக் கண்ணாடிக் குழாயில் அடைத்து வைத்த துண்டுகள் அரை நூற்றாண்டுக்குப்பின் நனைக்கப்பட்டபோது விரிந்து சிதல் உதிர்த்தன என்பர். மணிப்பூரில் இதைச் சமைத்து உண்கின்றனர். மாந்தோப்பு வைத்திருப்போர்க்கு இக்காளான் ஒரு சீட்டுப்போல. வெயிலால் வெந்தோ வெட்டுக்காயத்தாலோ கிளை பட்டுவிட்ட இடத்தில் இது முளைக்கும். கண்டவுடன், நல்ல மரம் தெரியும் வரையில் கிளையை வெட்டியெடுத்து, வெட்டுவாயில் போர்டோ பசையைப் பூசிவிட்டால் போதும்.

தென்னையில் மட்டும் ஒரு வேறுபாட்டைக் கட்டாயம் அறியவேண்டும். மரத்தடியில், மண்ணிலோ எருவிலோ, செவுளுள்ள மென்மையான குடை முளைத்தால் கவலையில்லை. அடித்தண்டிலிருந்தே, செவுளில்லாத, கட்டைபோல் கெட்டியான, பளபளக்கும் செம்பழுப்பு நிறத் தட்டு நீட்டிக்கொண்டிருந்தால் அது தஞ்சை வாடல் எனப்படும் அடித்தண்டழுகல் நோய். 1952இல் வீசிய புயலுக்குப்பின் தஞ்சை மாவட்டத்தில் முதலில் கவனத்துக்கு வந்ததால் அப்பெயர் பெற்றது. அடித்தண்டில் பழுப்புச்சாறு வடிவதும் அடிமட்டைகள் தொங்குவதும் முன்னறிகுறிகள். தட்டு தோன்றும்போது மரம் ஏறத்தாழக் கைவிட்டுப்போன நிலை. அதனை வேரோடு அகற்றி, இடையில் அகழி வெட்டி, சுற்றிலுமுள்ள மரங்களுக்கு ஆண்டுதோறும் மரத்துக்கு 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கு இட்டு, 1 சதவீதப் போர்டோ கலவையை 40 லிட்டர் வீதம் ஊற்றவேண்டும். எருவில் முளைத்த குடையைக் கண்டு மரத்தை வெட்டியவரையும் அறிவேன். தட்டைக் கண்டும் 'காளான்தானே' என்று விட்டுவிட்டு, அடுத்தடுத்த மரங்களை இழந்தவரையும் அறிவேன்.

செவுளுள்ள சிறு காளானே உயிருள்ள மரத்தை அழித்த சான்று தென்னமெரிக்காவில் உள்ளது. அங்கே கோகோ மரத்தின் தளிரில் ஒரு பூசணம் புகுந்து, கிளைகளைத் துடைப்பம்போல் அடர்ந்து வளரச் செய்கிறது. முதலில் உயிருள்ள தளிரில் அமைதியாகக் குடியிருக்கும். பின்னர் அதைக் கொன்று, காய்ந்த துடைப்பத்தை உண்ணும். மழையும் வெயிலும் மாறிமாறி வரும்போது, காய்ந்த துடைப்பத்தின்மேல் இளஞ்சிவப்பு நிறத்தில், பொத்தானளவில் அழகிய குடைகள் முளைக்கும். 1989இல் இந்நோய் பிரேசில் நாட்டின் பாகியா மாநிலத்தில் புகுந்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அம்மாநிலத்தின் கோகோ விளைச்சல் பாதிக்கும் கீழே வீழ்ந்தது. தோட்டத் தொழிலாளர் பெருந்திரளாக வேலையிழந்தனர். பொள்ளாச்சிப் பகுதியில் தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோ பயிரிடுவோர் அஞ்சவேண்டா. இந்நோய் நம் நாட்டில் இல்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து கன்றோ காயோ பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவருவது எத்தகைய தீங்கென்பதை இதனால் உணரலாம்.

தேயிலைத் தோட்டங்களில் குதிரைவால் மயிரைப்போன்ற கரிய இழைகள் செடிக்குச் செடி தாவித் தொங்குவதுண்டு. அதுவும் கடுகளவு குடை தாங்கும் ஒரு சிறு காளானின் உடலே.

புற்றுக் காளானைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. கறையான் மரத்தைத் தின்கிறது என்கிறோம். நம் ஊர்ப் புற்றுக்களில் வாழும் கறையான்களில் பலவும் மென்று விழுங்கிய சருகையும் மரத்தூளையும் முழுதும் செரிக்கமாட்டா. புற்றுக்குள் அதனைத் தேனடைபோல் அடுக்கி, அதன்மேல் காளானை வளர்க்கின்றன. காளான் இழை லிக்னினைச் சிதைத்துப் பக்குவம் செய்தபின், அந்த அடையையும் இழையில் தோன்றும் வெண்மணிகளையும் கறையான்கள் உண்கின்றன. மனிதன் ஏர் பிடிப்பதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய வேளாண்மை இது. மழைக்காலத்தில் அந்தக் காளான் புற்றிலிருந்து குடைவிடும்போது நாம் பறித்துக் குழம்பு வைக்கிறோம். அரிசியைச் சிதறியதுபோல் நூற்றுக்கணக்கில் முளைக்கும் சிறியவையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. கறையானின்றி இவற்றை வாணிப முறையில் வளர்க்க இன்றுவரை யாராலும் இயலவில்லை.

உண்பது குறித்து எச்சரிக்கை

விஷக் காளான் என்று ஊரார் அஞ்சியதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட நான் துணியவில்லை. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அசாம் மாநிலத்தில் காட்டுக் காளானைச் சமைத்து உண்டவர்களுள் 13 பேர் சில நாட்களில் இறந்தனர். பலர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர். காளானின் உணவுக்கும் நஞ்சுக்கும் தொடர்பில்லை. ஒரே மரத்தில் உண்ணத்தக்கதும் முளைக்கலாம், உயிரைக் கொல்லும் சிறிய பழுப்புக் குடையும் முளைக்கலாம். வெள்ளிக்காசு கறுக்கிறதா, மஞ்சள் நிறம் மாறுகிறதா, பூச்சி கடித்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகளில் எதுவும் நம்பத்தக்கதன்று. மிகக் கொடிய நஞ்சு வேகவைத்தாலும் போகாது. அன்றியும் அது உடனே தெரிவதில்லை. உண்டு ஆறு மணி நேரத்துக்கு மேல், பெரும்பாலும் மறுநாள் காலையில், வாந்தியும் பேதியும் காணும். பின்பு குணமானதுபோல் ஒரு நாள் தணியும். அதற்குள் ஈரல் கெட்டுப்போயிருக்கும். ஆகவே தணிந்துவிட்டதென்று வீட்டிலிருப்பது பெருந்தவறு. உண்ட அனைவரையும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். எஞ்சிய காளானையும் தாளில் சுற்றி எடுத்துச் செல்லவேண்டும். காளான் குடில் வைத்திருப்போர்க்கு விதி ஒன்றே: தாம் இட்ட வித்திலிருந்து வந்ததைத் தவிரப் படுக்கையில் முளைத்த வேறெதையும் விற்கவும் கூடாது, உண்ணவும் கூடாது.

அன்று அக்குழுவினரோடு ஊர்ப் பொதுமேடையில் அமர்ந்து, சிப்பிக் காளான் ஒன்றையும் மைக் காளான் ஒன்றையும் அருகருகே வைத்து யாவருக்கும் காட்டினோம். பழுதான நாற்பது படுக்கைகளையும் பிரித்து எருக்குழியில் கொட்டினர். தை மாதத்தில் நான் மீண்டும் சென்றபோது இருபது படுக்கைகளுடன் குடில் நடந்துகொண்டிருந்தது. வைக்கோல் வேகவைக்கத் தனியே ஓர் அடுப்பும், விறகை நனையாமல் வைக்க ஒரு சிறு பரணும் அமைத்திருந்தனர். கடனில் இரண்டு தவணை இன்னும் நிலுவை என்றார்கள். எருக்குழி ஓரத்தில் மைக் காளான்கள் கூட்டமாக விரிந்திருந்தன. அவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை.